அறுத்துக்கட்டியவளுக்கு நிலம் உண்டா?

மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்கள் வாயில் புழங்கிய சொல் ‘அறுத்துக்கட்டுதல்’. புருஷன் செத்துப்போனாலோ தீர்த்துவிட்டாலோ, பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவர் கையால் புதுத் தாலி கட்டிக்கொள்வது. உழைத்துப் பிழைக்கும் பல சாதிகளில் இது சாதாரணம். உறவு கூடிச் சம்மதித்தால் போதும். சாஸ்திரத்தை யாரும் கேட்கவில்லை.

1856இல் வந்த இந்து விதவை மறுமணச் சட்டம் இவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. மறுமணத்துக்கு வழியே இல்லாத மேல்சாதிப் பெண்களுக்காக வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்யாசாகர் போராடிப் பெற்றது அது. முதல் பிரிவு கதவைத் திறந்தது. இரண்டாம் பிரிவோ, மறுமணம் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமையை இழப்பாள் என்றது. அந்த நாளில் அவளே செத்துப்போனதாகக் கொண்டு, அடுத்த வாரிசு சொத்தை எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் தயவே தேவைப்படாமல், வழக்கப்படி அறுத்துக்கட்டியவளுக்கும் இந்த இழப்பு உண்டா? சட்டம் நிறைவேறிய பிறகுதான் இந்தக் கேள்வி முளைத்தது. 1877இல் முருகாயி – வீரமாகாளி வழக்கில் மதராஸ் உயர் நீதிமன்றம் ‘உண்டு’ என்றது. வழக்கில் இருந்தவர்கள் மறவர்கள். மறுமணம் அவர்களிடையே வழக்கம்தான். ஆனால் மனைவி கணவனின் பாதி உடல், அந்தப் பாதி மிஞ்சியிருப்பதால்தான் அவளுக்குச் சொத்து, இன்னொருவனைக் கட்டினால் அந்த உறவு அற்றுப்போகிறது என்று நீதிமன்றம் தர்க்கம் செய்தது. தர்க்கம் வடமொழி சாஸ்திரத்துடையது, நிலம் முருகாயியுடையது.

அதே 1877இல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்தப் போக்கையே எதிர்த்துப் புத்தகம் போட்டார். ஜே.எச். நெல்சன், திண்டுக்கல்லும் அடங்கிய மதுரைச் சீமையின் வரலாற்றை 1868இல் எழுதியவர். சமஸ்கிருத நூல்களின் பெயரைக்கூடக் கேட்டிராத சாதிகள்மேல் அவற்றைச் சட்டமென்று சுமத்துகிறீர்களே என்பது உயர் நீதிமன்றத்தின்மேல் அவருடைய குற்றச்சாட்டு. நீதிபதி இன்னெஸ் 1882இல் அதற்கு மறுப்பு வெளியிட்டார். வாதம் வளர்ந்தது, தீர்ப்பு நின்றது.

மற்ற நீதிமன்றங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வழக்கப்படி மறுமணம் செய்தவளுக்கு 1856ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது, அவள் சொத்தை இழக்க மாட்டாள் என்று 1889இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. கல்கத்தாவும் பம்பாயும் மதராஸ் பக்கம் சாய்ந்தன. ஒரே சட்டம், ஒரே மாதிரிப் பெண். கங்கைக் கரையில் நிலம் தங்கியது, வைகைக் கரையில் போனது.

திண்டுக்கல் சமவெளி மானாவாரி பூமி. சோளமோ கம்போ விளையும் இரண்டு குறுக்கமும் ஒரு கிணற்றுப் பங்கும்தான் அன்று ஒரு குடும்பத்தின் ஆஸ்தி. பிள்ளையில்லாத இளம் விதவை தாலி கட்டிக்கொண்டால், மறுநாளே கொழுந்தன் அந்தக் கிணற்றில் கமலை பூட்டலாம். கட்டிக்கொள்ளாமல் இருந்தால் ஆயுசுக்கும் அனுபவிக்கலாம். அவளைக் காக்க வந்த சட்டம் இப்படி ஒரு பேரத்தில் அவளை நிறுத்தியது.

கூட்டுக் குடும்பத்தில் விதவைக்குப் பங்கு தந்த 1937ஆம் ஆண்டுச் சட்டமும் இதே பாடு பட்டது. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரம், அதற்கு இந்த மத்தியச் சட்டம் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் நீதிமன்றம் கூறிவிட்டது. நிலமே சொத்தாக இருந்த ஊர்களில் மிச்சம் என்ன? மதராஸ் மாகாணம் தனிச் சட்டம் இயற்றி விவசாய நிலத்தையும் சேர்க்க 1947 ஆயிற்று.

அதே 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைக் கணவர் ஜி. ராமச்சந்திரனுடன் சேர்ந்து தொடங்கினார் டாக்டர் சௌந்தரம். சிறு வயதில் மணமாகி, கணவரை இழந்து, மருத்துவம் படித்து, 1940இல் சேவாகிராமத்தில் காந்தி முன்னிலையில் மறுமணம் செய்துகொண்டவர். 1962இல் திண்டுக்கல் அவரை மக்களவைக்கு அனுப்பியது.

1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் விதவைக்கு முழு உரிமை கொடுத்தது. பழைய இரண்டாம் பிரிவு ஏட்டில் கிடக்கிறதே என்று அதன் பிறகும் வழக்காடினார்கள். 1856ஆம் ஆண்டுச் சட்டம் 1983இல்தான் ரத்தானது. சௌந்தரம் அடுத்த ஆண்டு மறைந்தார். 1956க்குப் பின் கணவனிடமிருந்து வந்த சொத்து மறுமணத்தால் போகாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தெளிவாக்கியது 2008இல், முருகாயி தோற்று 131 ஆண்டுகள் கழித்து.