தேயிலைப் பெட்டியும் பெருவடிவ அச்சும்

பெருவடிவ அச்சுக்கு முறையைத் தேர்வோர் முதலில் நோக்கவேண்டியது, எழுத்துப் பதியும் பரப்பையே. ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டி இதற்குத் தக்க சான்றாகும். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது. 1883 முதல் தேயிலை ஏலம் நடைபெற்றுவந்த கொழும்புக்கு ஊவாத் தேயிலை அவ்வழியே செல்லலாயிற்று. தோட்டப்பெயர், தரம், தொடரெண், நிறை ஆகியன பெட்டிமீது பெரிதாகத் தெரியவேண்டியிருந்தன. மரப்பெட்டியை அச்சியந்திரத்துள் இடுதல் இயலாது. ஆகவே எழுத்து வெட்டிய உலோகத் தகட்டைப் பெட்டிமேல் வைத்து, மை தோய்ந்த தூரிகையால் தேய்த்தனர். இதுவே ஸ்டென்சில் முறை.

இம்முறைக்கு ஒரு குறையுண்டு. சுழியுடைய எழுத்தின் உட்பகுதி விழாதிருக்கத் தகட்டில் இணைப்புகள் விடவேண்டும். அவை எழுத்தைத் துண்டாக்கும். சுழிகள் மலிந்த தமிழுக்கு இது பேரிடர். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907இல் காப்புரிமை பெற்ற பட்டுத்திரை அச்சிலோ, வலைத்துணியே உட்பகுதியைத் தாங்குவதால் அவ்விடர் நீங்கிற்று. இன்றைய கணினிப் பதாகை ஒரே படிக்கும் உகந்தது. படிகள் பெருகின் திரையச்சே சிக்கனமானது.

பெட்டியின் ஆங்கில எழுத்தில் தோட்டத்தின் பெயர் கடல் கடந்தது. கொழுந்து பறித்தோரின் தமிழ் அதில் ஏறவில்லை. ஆதலின் மலையகத்தில் அச்சுமுறையைத் தேர்வோர், விலையோடு எவர் மொழி சிதையாது பதியும் என்பதையும் நோக்குதல் வேண்டும்.