சக்கரம் ஏறிய குரல்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சென்று வெள்ளாற்றைக் கடக்கும் அச்சாலையில் பயணம் செய்தவர்கள் இரண்டு விதமான ‘பேசும் வண்டி’களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று, கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் ஊர்ந்து செல்லும் ஆட்டோ. நகைக்கடைத் திறப்பு விழா, கட்சிக் கூட்டம், புயல் எச்சரிக்கை என்று அதற்குச் சொல்ல ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். மற்றொன்று, கைப்பிடிக்கு அருகே இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்திப் பாட்டுக் கேட்டபடி பறக்கும் நெடும்பயண மோட்டார் சைக்கிள்.

இரண்டிலும் இருப்பது ஒரே கருவிதான்: பாட்டரியில் இயங்கும் ஒலிப் பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபயர். ஆனால் ஆட்டோவின் குழாயை மோட்டார் சைக்கிளில் மாட்டினால் பாட்டுக் கேட்க முடியாது. மோட்டார் சைக்கிளின் பெட்டியை ஆட்டோவில் மாட்டினால் தெருமுனை வரைகூடச் செய்தி போய்ச் சேராது. ஏன் இப்படி? பெருக்கி வண்டியேறிய வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

அதற்கு முன் ஊருக்குச் செய்தி சொன்னவர் யார்? தண்டோரா போட்ட மனிதர். உரக்கக் கத்தும்போதுகூட மனிதக் குரலின் ஒலி ஆற்றல் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆகவே பறை முதலில் அழைக்கும்; கூடியவர்களுக்குக் குரல் செய்தியைச் சொல்லும். நல்ல பொறியியல்தான். ஆனால் வெயிலிலும் மழையிலும் தெருத்தெருவாக நடக்கும் அந்த வேலை யார் தோளில் ஏற்றப்பட்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தண்டோரா போடுவதை நிறுத்தும்படியும், வண்டிகளில் ஒலிபெருக்கி பொருத்திச் செய்தி சொல்லும்படியும் அறிவுறுத்தினார். வண்டியில் பெருக்கி ஏறி அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகே அந்தத் தோளிலிருந்து பறையை இறக்க ஓர் ஆணை வந்தது என்பதை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

பெருக்கிக்கு உயிர் கொடுத்தது வால்வு. 1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று மின்முனைகள் கொண்ட வால்வைச் செய்தார். 1915இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்னும் இருவர் தங்கள் ஒலிபெருக்கிக்கு ‘மாக்னவாக்ஸ்’ என்று பெயரிட்டனர். லத்தீனில் ‘பெருங்குரல்’ என்று பொருள். 1919இல் சான் டியேகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் பேசியபோது பல்லாயிரம் பேர் அதன் வழியே கேட்டார்கள்.

நம் நாட்டிலோ, பெருங்கூட்டங்களில் தலைவர் ஒரு வாக்கியம் சொல்ல, இடையிடையே நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிப் பின்வரிசைக்குக் கடத்தும் வழக்கம் இருந்தது. 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு நானிக் மோட்வானேயின் ‘சிகாகோ ரேடியோ’ நிறுவனம் ஒலிபெருக்கிகள் அமைத்துக் கொடுத்தது. அக்காலத் தலைவர்களின் புகைப்படங்களில், மைக்கின்மேல் அந்தப் பெயரை இன்றும் படிக்கலாம். பெயரில்தான் சிகாகோ, நிறுவனம் இந்தியருடையது.

மேடையில் நின்ற பெருக்கியை வண்டியில் ஏற்றுவது அவ்வளவு எளிதாக இல்லை. வால்வுக்கு இருநூறு, முந்நூறு வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். வண்டியின் பாட்டரியோ 6 வோல்ட் அல்லது 12 வோல்ட். இந்தப் பள்ளத்தைத் தாண்டுவதற்கு 1930களில் ‘வைப்ரேட்டர்’ வந்தது. அதனுள் ஒரு மெல்லிய எஃகு நாக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து, நேர் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுப்பட்ட மின்னோட்டத்தை டிரான்ஸ்பார்மர் உயர்த்தித் தரும். 1930இல் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியிருந்தார்கள்; வைப்ரேட்டர் வந்த பிறகே கார் ரேடியோவுக்குத் தனி உலர் பாட்டரிகள் தேவையில்லாமல் போயின.

ஆயினும் வால்வு பெரும் தீனிக்காரன். மைக் செட்டுகளில் பெயர்பெற்ற 6எல்6 வால்வின் இழையைச் சூடாக்க மட்டும் 6.3 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் வேண்டும். இரண்டு வால்வு என்றால், பேச்சாளர் வாயைத் திறக்குமுன்பே 11 வாட் செலவு! இருபது வாட் ஒலி தரும் செட்டுக்கு, 6 வோல்ட் பாட்டரியிலிருந்து பதினைந்து ஆம்பியர்கூடத் தேவைப்படும். அதை ஒரு மோட்டார் சைக்கிளில் வைத்தால் அதன் சிறிய பாட்டரி ஒரு மணி நேரம் தாங்காது. ஆகவே பெருக்கி லாரியிலும் ஜீப்பிலும் ஏறியது. இரு சக்கரத்தை நெருங்கவில்லை.

வழி திறந்துவிட்டது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இதற்குச் சூடேற்றும் இழை வேண்டாம். உயர் மின்னழுத்தமும் வேண்டாம். 1960களில் வந்த 2என்3055 என்ற சிலிகான் டிரான்சிஸ்டர் நம் ஊர் மைக் செட்காரர்களின் செல்லப்பிள்ளை ஆயிற்று. ‘3055’ என்று கேட்டாலே கடையில் எடுத்துக் கொடுப்பார்கள்.

இங்கே ஒரு சிறு கணக்கு. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஜாவா மோட்டார் சைக்கிளின் மின் அமைப்பு 6 வோல்ட். சாதாரணப் பெருக்கியில் ஒலி அலை மேலே 3 வோல்ட், கீழே 3 வோல்ட்டுக்கு மேல் ஆட முடியாது. 4 ஓம் ஒலிபெருக்கியில் இது தருவது சுமார் 1.1 வாட். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் தரும் 12 வோல்ட் அமைப்பில் அதே கணக்குப்படி சுமார் 6.5 வாட். ஒலிபெருக்கியின் இரு முனைகளிலும் எதிரெதிராக இழுக்கும் இரண்டு பெருக்கிகளை இணைத்தால் மின்னழுத்தம் இரட்டிக்கும். ஆற்றல் நான்கு மடங்காகி 26 வாட் ஆகும். இதற்கு மேல் வேண்டுமானால் மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும், அல்லது ஒலிபெருக்கியின் ஓம் அளவைக் குறைக்க வேண்டும். சாதாரண பெருக்கிப் பெட்டியின்மேல் ‘500 வாட்’ என்று அச்சிட்டிருந்தால், அது அச்சகத்தாரின் வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாட் போதுமா? குழாய்க்குப் போதும். அதன் யூனிட்டில் சிறிய தகடு ஒன்று அதிர்கிறது. விரிந்துகொண்டே போகும் குழாய் அந்த அதிர்வை வெளிக்காற்றோடு நன்றாகப் பொருத்திவிடுகிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபல் வரை ஒலி எழும். முப்பது பேர் சேர்ந்து கத்துவதற்கு ஒப்பானது அது. பாட்டுக்கான சாதாரண ஒலிபெருக்கியோ, ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் அளவே தரும். வேறுபாடு 17 டெசிபல். ஆற்றலில் ஐம்பது மடங்கு! சிறிய பாட்டரியும் எளிய பெருக்கியும் கொண்ட ஆட்டோ ஒரு தெருவையே எழுப்புவதன் இரகசியம் இந்தக் குழாயில்தான் இருக்கிறது.

குழாய்க்கும் ஒரு குறை உண்டு. தாழ்ந்த சுரங்களின் அலை நீளம் பெரிது. விநாடிக்கு நூறு அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் 3.4 மீட்டர். அதை நன்றாக வெளியிடும் குழாய் மோட்டார் சைக்கிளைவிடப் பெரிதாக இருக்கும்! வண்டியில் கட்டும் சிறு குழாயில் பேச்சு தெளிவாக வரும். மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போய்விடும். நெடும்பயண வண்டிக்காரர் குழாயை விட்டு, வாட்டுகளைத் தேடிப் போகக் காரணம் இதுவே. 1980இல் ஹோண்டா நிறுவனத்தின் கோல்டு விங் இன்டர்ஸ்டேட் வண்டிக்கு ஒலி அமைப்பை விருப்பப் பொருளாக வழங்கினார்கள். பிறகு, மின்னோட்டத்தை அதிவேகமாகத் திறந்து மூடி வேலை செய்யும் ‘டி வகுப்பு’ பெருக்கி பரவியது. 1964இலேயே இங்கிலாந்தில் சின்கிளேர் இத்தகைய பெருக்கி ஒன்றை விற்றுப் பார்த்தார். தக்க டிரான்சிஸ்டர்கள் அன்று இல்லை. இன்று உள்ளங்கையளவுப் பெட்டி, அதிகம் சூடாகாமல் அந்த வேலையைச் செய்கிறது.

ஆயினும் எதிரி ஒருவர் உண்டு: காற்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டும். அதற்கு மேலே பாட்டுக் கேட்க 100 டெசிபல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 88 டெசிபல் ஒலிபெருக்கிக்கு 12 டெசிபல் கூட்ட வேண்டும், அதாவது 16 வாட். பெருக்கியால் முடியும், காதால் முடியுமா? 85 டெசிபலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம், பிறகு 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாக வேண்டும் என்பது காது காக்கும் வல்லுநர்கள் தரும் அளவு. 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கடலூரில் புறப்பட்டவர் சிதம்பரத்துக்குப் பாதி வழி போவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும்! வண்டியில் பெருக்கி பொருத்துகிறவர்கள் பாட்டரி அருகே ஃபியூஸ் வைப்பதை மறக்கக் கூடாது. வேகம் கூடும்போது பாட்டை நிறுத்தும் பழக்கத்தையும் சேர்த்துப் பொருத்திக்கொள்வது நல்லது.

மறுபடியும் குழாய்க்கு வருவோம். 2004 டிசம்பர் 26 காலை, கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே தொலைக்காட்சியில் செய்தி பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர், கடல் பொங்கும் ஆபத்தைச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் இயங்கிய அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. மையத்தின் கதவை உடைத்து உள்ளே சென்று எச்சரித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் போகவில்லை. அதே காலையில் கடலூர் மாவட்டக் கடற்கரையில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

நல்லவாட்டில் பேசியது கட்டடத்தின்மேல் நிலையாக நின்ற குழாய். அத்தகைய வசதி இல்லாத குப்பங்களுக்குப் புயல் காலத்தில் வண்டிதான் போக வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளும், பொது நெருக்கடிக்கு விலக்குத் தருகின்றன.

அப்படிப் போகும் வண்டி ஏன் ஊர்ந்து செல்கிறது என்று ஒருவேளை நீங்கள் எரிச்சல்பட்டிருக்கலாம். குழாயின் குரல் முன்னும் பின்னும் நூறு நூறு மீட்டர் தெளிவாகக் கேட்கிறது என்று கொள்வோம். வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வாசலில் நிற்கும் ஒருவர் காதில் அது 12 விநாடிதான் இருக்கும். ‘புயல் சின்னம்’ என்பது கேட்கும். எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்குவது என்பது கேட்காது. 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 48 விநாடி. முழு அறிவிப்பையும் சொல்லி, பள்ளிக்கூடத்தின் பெயரை இன்னொரு முறை சொல்வதற்கும் நேரம் இருக்கும்.