நூறாண்டு கண்ட மண் கரை: வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் வரலாறு

கடலூர் மாவட்டம் திட்டக்குடி அருகே கீழச்செருவாயில் அமைந்துள்ள நமது வெலிங்டன் நீர்த்தேக்கம் நூறாண்டைக் கடந்து நிற்கிறது. மேட்டூர் அணை 1934இல் நிறைவு பெற்றது. நம் கரை அதற்குப் பதினொரு ஆண்டு மூத்தது. மேட்டூர் 93,470 மில்லியன் கன அடி தேக்குகிறது, நம்முடையதோ 2,580 மில்லியன் கன அடிதான். ஆனாலும் 24,059 ஏக்கர் ஆயக்கட்டுக்கு இதுவே தாய்மடி. இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

மேற்கே சேலம், நாமக்கல் பக்கத்து மலைகளில் தோன்றும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. மழைக்காலத்தில் கரைபுரண்டு, மற்ற மாதங்களில் மணலாய்க் கிடக்கும் ஆறு இது. பெருகிய நீர் தங்க இடமின்றிப் பரங்கிப்பேட்டைக் கடலுக்கு ஓடியது. அந்த நீரைத் தொழுதூரில் மறித்து, கால்வாய் வழியே திருப்பி, உள்ளூர் ஓடைகளின் நீரோடு சேர்த்துத் தேக்குவதே திட்டம். ஆற்றின் குறுக்கே கட்டாமல் ஆற்றுக்கு அப்பால் தேக்கியதில்தான் இதன் நுட்பம் இருக்கிறது.

1913இல் பணி தொடங்கியபோது சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1918இல் போர் முடியும் தறுவாயில் விஷக் காய்ச்சல் நாட்டை வாரிக்கொண்டு போனது. இத்தனைக்கும் நடுவே, பெரிய இயந்திரங்கள் இல்லாத காலத்தில், மண்ணை வெட்டி, சுமந்து, அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிக் கரையை எழுப்பினார்கள். 1923இல் பணி நிறைவுற்றது. 1919 முதல் 1924 வரை ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு அமைந்தது. பெயர் ஆளுநருடையது, உழைப்பு கூடை சுமந்தவர்களுடையது. இம்மலரின் முதல் வணக்கம் அவர்களுக்கே உரியது.

அடுத்த சில பத்தாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். மழை பெய்த ஆண்டில் நிரம்பியது. பொய்த்த ஆண்டில் வானம் பார்த்தது. நாடு விடுதலை பெற்றது. நிர்வாகம் மாகாண அரசிடமிருந்து தமிழக அரசின் பொதுப்பணித் துறைக்கு வந்தது. கரையையும் மதகையும் கவனிக்கும் ஊழியர்களான லஸ்கர்கள் கரையில் நடந்தார்கள், மதகைத் திறந்தார்கள், மூடினார்கள். எலி வளை எங்கே, ஈரம் எங்கே, செடி வேரூன்றியது எங்கே என்று அவர்களுக்குத் தெரியும். அணைகளின் குறைகளை வகை பிரித்து எழுதும் வழக்கம் வருவதற்கு வெகு முன்பே நம் கரைக்குப் பாதுகாப்பு இருந்தது.

1979ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் ஒரு திருப்பம். குஜராத்தில் மச்சு இரண்டாம் அணையின் மண் கரையை வெள்ளம் மேலேறிக் கடந்து உடைத்து, மோர்பி நகரை அழித்தது. மத்திய நீர் ஆணையத்தில் அணைப் பாதுகாப்பு அமைப்பு நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை அணைகளைப் பார்வையிட்டு, குறைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதும் வழக்கம் உருவானது. முதல் வகை, அணை உடைய இடமளிக்கும் குறை. இரண்டாம் வகை, உடனே சரிசெய்ய வேண்டிய பெரிய குறை. மூன்றாம் வகை, சிறு பழுது அல்லது பழுதின்மை. பள்ளித் தேர்வில் முதலிடம் பெருமை தரும். இந்தப் பட்டியலில் முதல் வகை யாருக்கும் வேண்டாம்!

நம்முடையதைச் சிறிய அணை என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியத் தர நிர்ணயப்படி ஆறு கோடி கன மீட்டருக்கு மேல் தேக்கும் அணை பெரிய வகையைச் சேரும். நம் கொள்ளளவு சுமார் 7.3 கோடி கன மீட்டர். முழு ஆழம் 29.72 அடிதான் என்றாலும், எவ்வளவு பெரிய வெள்ளத்தைத் தாங்க வேண்டும் என்ற கணக்கில் இதற்குப் பெரிய அணைக்குரிய கண்டிப்பே பொருந்தும்.

1993இல் தென் ஆற்காடு மாவட்டம் பிரிந்து கடலூர் மாவட்டத்துக்கு நாம் வந்தோம். புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டு சோதனைக் காலம். கரையின் ஒரு பகுதி அமிழ்ந்து சரிந்தது. முழு அளவுக்கு நீரைத் தேக்க முடியாத ஆண்டுகள் வந்தன. கண்ணெதிரே வெள்ளாறு ஓடுகையில் ஏரியைக் குறைத்து வைப்பது எவ்வளவு வேதனை என்பது கடைமடை விவசாயிக்குத்தான் தெரியும். பயிரை விட்டுக்கொடுத்துக் கரையைக் காத்த அந்த விவசாயிகளின் தியாகம், கூடை சுமந்த முன்னோரின் தியாகத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல. பின்னர் பழுதான பகுதியில் மண் அகற்றிக் கரை சீரமைக்கப்பட்டது.

2021இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளோடு, 10 முதல் 15 மீட்டர் உயரமுள்ளவற்றிலும் 10 லட்சம் கன மீட்டர் அல்லது அதற்கு மேல் தேக்குபவை அதன் வரம்புக்குள் வருகின்றன. தேசிய ஆணையமும் மாநில அமைப்புகளும் ஏற்பட்டன. லஸ்கரின் நடைக்கு இப்போது சட்டத்தின் துணையும் இருக்கிறது.

ஆயக்கட்டு மக்களுக்கு இம்மலரின் வழியே ஒரு வேண்டுகோள். கரையின் சரிவில் ஆடுமாடு ஏற்றாதீர்கள், மண் எடுக்காதீர்கள். கரை அடியில் தெளிந்த நீர் கசிவதைக் கண்டால் பாசனப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். கலங்கிய நீர் கசிந்தால் கரையின் உள்மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். அதை அந்த நிமிடமே சொல்லுங்கள்.