சதவீதக் கணக்கும் தொழிலாளர் நியாயமும்

1978ஆம் ஆண்டு கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் அமைக்கப்பட்டதன் பின்னர், ஆடைக் கைத்தொழில் நமது ஏற்றுமதியின் பிரதான தூண்களுள் ஒன்றாக வளர்ச்சி கண்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் தொழிலாளரின் திறமை எண்களாலேயே எடைபோடப்படுகின்றது. அந்த எண்களைத் தவறாக ஒப்பிடுவது அநீதிக்கே வழிவகுக்கும்.

உதாரணமாக, ஒரு தையல் பிரிவு நாளொன்றுக்கு 1,000 சட்டைகளைத் தைக்க, அவற்றுள் 30 பழுதாகின்றன. மற்றொரு பிரிவின் 250 சட்டைகளில் 15 பழுதாகின்றன எனக் கொள்வோம். எண்ணிக்கையை மாத்திரம் நோக்கினால் முதற்பிரிவே குற்றஞ்சாட்டப்படும். ஆயினும் பழுதானவற்றை மொத்த உற்பத்தியால் வகுத்து நூறால் பெருக்கினால், முதற்பிரிவின் பழுது 3 சதவீதம். இரண்டாவதினது 6 சதவீதம். தீர்ப்பு தலைகீழாகின்றது.

இங்கு இன்னொரு தவறும் நேர்வதுண்டு. 3ஐயும் 6ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து, தொழிற்சாலையின் பழுது 4.5 சதவீதம் என்பது பிழை. மொத்தம் 1,250 சட்டைகளில் 45 பழுது. எனவே சரியான விடை 3.6 சதவீதமே.

சதவீதம் என்பது எப்பொழுதும் ஏதோவொன்றின் சதவீதமாகும். அடிப்படைத் தொகையைக் கூறாத சதவீதத்தை ஆதாரமாகக் கொண்டு எவரது ஊக்குவிப்புக் கொடுப்பனவிலும் கைவைத்தல் ஆகாது.