காற்று வாங்கும் எஞ்சின்

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் உருவாக ஆரம்பித்தது. காரணம், இந்திய ராணுவம்! எல்லையில் ரோந்து போக அவர்களுக்கு இந்த வண்டிதான் பிடித்திருந்தது.

குளிர் தேசத்தில் பிறந்த எஞ்சின் அது. சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக உலோகத் தகடுகள்... மெக்கானிக் பாஷையில் 'ஃபின்'. ஓடும்போது எதிர்க்காற்று இடுக்குகளில் புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரே நிபந்தனை, வண்டி ஓடிக்கொண்டே இருக்கணும்!

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் நெரிசல் பெருகியது. மே மாத மதியம், சிக்னலில் நின்றால் காற்று ஏது? ஆயில் சூடேறி நீர்த்துப் போகும். முற்றினால் பிஸ்டன், சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அப்புறம் பர்ஸும் சூடாகும்!

1946-ல் இத்தாலியில் வந்த வெஸ்பா ஸ்கூட்டர் வேறு ரகம். எஞ்சின் மூடிக்குள் ஒளிந்திருந்ததால், உள்ளேயே ஒரு ஃபேனை வைத்துவிட்டார்கள். நின்றாலும் காற்று வரும். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450-க்கு ரேடியேட்டர் கிடைத்ததோ 2023-ல்தான்.

மற்ற வண்டிக்காரர்கள் என்ன செய்வது? நீண்ட சிக்னலில் எஞ்சினை அணையுங்கள். பாதி கிளட்ச்சில் ஊர்ந்து போகாதீர்கள். ஆயில் அளவை அடிக்கடி பாருங்கள். சூடான எஞ்சினில் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்... உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடலாம். நிழலில் நிறுத்திவிட்டு ஒரு டீ சாப்பிடுங்கள், அதுபாட்டுக்கு ஆறிவிடும்!