தோழியரை எந்தப் பெயரில் நினைவுகூர்வது?

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்கிறது. வருடாந்தப் பொதுக்கூட்டங்களில் அமரத்துவமடைந்த தோழியருக்காக ஒரு நிமிடம் மௌனமாக எழுந்து நிற்பது எமது வழக்கம். அந்த ஒரு நிமிடத்தில் யார் யாரை நினைக்கிறோம் என்று கேட்டால், பெயர்களை முழுமையாகச் சொல்ல எம்மில் ஒருவராலும் இயலாது. இதற்கு மறதி மட்டும் காரணமன்று. எமது சமூகம் ஒரு பெண்ணின் மரணத்தைப் பதிவு செய்யும் முறையிலேயே அவளுடைய பள்ளித் தோழியர் அவளைத் தொலைத்து விடுகின்றனர். அது எப்படி நேர்ந்தது என்பதையும், இனி என்ன செய்யலாம் என்பதையும் இங்கு எழுத விரும்புகிறேன்.

பாடசாலையில் சேர்ந்த அன்று சேர்விடாப்பில் பிள்ளையின் பெயர் தந்தையின் பெயரோடு எழுதப்படுகிறது. வரவு இடாப்பில் ஆசிரியை கூப்பிட்டதும், வகுப்புப் படத்தின் கீழே அச்சிடப்பட்டதும் அந்தப் பெயரே. திருமணத்தின் பின் கணவரின் பெயர் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து வரும் மரண அறிவித்தலில் அவள் இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் அன்பு மனைவி, இன்னார்களின் பாசமிகு தாயார், மாமியார், மைத்துனி, பேர்த்தி. பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் இருக்கும். படித்த பாடசாலை பெரும்பாலும் இராது. அறிவித்தலை வாசித்துப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, மாதங்கள் சென்றபின் ‘அது எங்கட வகுப்புப் பிள்ளையல்லோ’ என்று திகைத்தவர்கள் எம்மில் பலர்.

பலரும் அறிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். 1989 செப்ரெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவரை உலகம் ரஜனி திரணகம என்று அறியும். ராஜசிங்கம் என்ற தந்தையின் பெயரோடு அவர் பள்ளிக்குச் சென்றது, அவரைப் பற்றிப் பலர் எழுதியதால் எமக்குத் தெரியும். புகழ்பெறாத பெண்களுக்கு இந்த இரு பெயர்களையும் இணைத்து எழுத எவருமில்லை.

சங்கத்தின் முதல் இருபது ஆண்டுகளில் இது பெரிய குறையாக இருக்கவில்லை. பெண்களின் கல்வி பரவலாகாத காலம். வகுப்பில் இருந்தவர்கள் சிலர்; ஒருவரையொருவர் வீட்டாரோடு அறிந்தவர்கள். அக்காலத்தில் இளவயதிலேயே இறந்தோர் பலர் என்பதையும் மறக்கலாகாது. 1930களில் இலங்கையில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறத்தாழ இருபது தாய்மார் என்ற அளவில் இறந்தனர். பள்ளியை விட்டு இரண்டு, மூன்று ஆண்டுகளில் மணமாகி, முதற் பிள்ளைப்பேற்றிலேயே மறைந்த தோழியரை அந்தத் தலைமுறையினர் ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். இன்று அந்த எண்ணிக்கை நூறாயிரத்துக்கு நாற்பதுக்கும் குறைவு. இளந்தாய்மாரின் மரணம் அக்காலத்தில் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது எமது பேத்திமாருக்குத் தெரியவே தெரியாது.

1945இல் இலவசக் கல்வி வந்தபின் மாணவிகள் தொகை பெருகியது. ஒரே வகுப்பு ஏ, பி, சி எனப் பிரிந்தது. மரணச் செய்தியும் வாய்வழியிலிருந்து வானொலிக்கும் பத்திரிகைக்கும் மாறியது. வீரகேசரியும் தினகரனும் 1930களிலேயே தொடங்கிவிட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து 1959இல் ஈழநாடு வெளிவரத் தொடங்கியது. வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கப்படும்போது வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்போம். இவற்றோடு, அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் கல்வெட்டும் உண்டு. எமது பெண்களின் வாழ்க்கை பற்றி எழுத்தில் எஞ்சியிருப்பதில் பெரும்பங்கு கல்வெட்டுகளிலேயே உள்ளது. அவற்றில் சில இன்று நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்திலும் கிடைக்கின்றன. ஆனால் கல்வெட்டும் குலமரபை விரித்துச் சொல்லும் அளவுக்குப் பள்ளிப் பருவத்தைச் சொல்வதில்லை.

போர் இந்த வழிகளையும் அடைத்தது. மின்சாரமில்லாத ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, எம்மோடு ஒரே வாங்கில் இருந்த தோழியர் புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் போயினர். அவர்களுள் யார் எங்கே மறைந்தார் என்பது எமது சங்கத்துக்கு வந்து சேரவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் கையில் கொண்டுபோனது பிள்ளைகளையும் உடுபுடவையையுந்தான். வகுப்புப் படங்களும் கல்வெட்டுகளும் வீட்டோடு போயின. 2009இல் வன்னியில் இறந்த பலருக்கு அந்தியேட்டியே நடக்கவில்லை. கல்வெட்டு எங்கே வரும்?

காணாமற்போனோரைப் பற்றி வேறாகச் சொல்லவேண்டும். ஒருவர் காணாமற்போயுள்ளார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழை, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் குடும்பத்தினர் பெறுவதற்கு 2016இல் சட்டம் இடமளித்தது. இறந்துவிட்டார் என்று கையொப்பமிட மறுத்துக் காத்திருக்கும் தாய்மாரும் சகோதரிகளும் எமது பழைய மாணவிகளுள்ளும் இருக்கக்கூடும். ஆகவே எமது நினைவுப் பட்டியலில் அத்தகைய தோழியரின் பெயரை, குடும்பத்தாரின் சம்மதமின்றி ‘அமரர்’ என்ற தலைப்பின் கீழ் இடுவது முறையன்று. அவர்களுக்கெனத் தனிப் பகுதி வேண்டும். பெயரை விட்டுவிடுவதும் தகாது.

இன்று தோழியர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் மறைகின்றனர். செய்தி சில நிமிடங்களில் கைத்தொலைபேசிக்கு வருகிறது. கொரோனாக் காலத்தில் இறுதிக்கிரியையைத் திரையில் பார்த்தோம். செய்தி விரைவாக வந்தாலும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. அறிவித்தல் முன்போலவே மகள், மனைவி, தாய் என்றே விரிகிறது. குழுவில் ஒருவர் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று இட, மற்றவர்களும் யாரென்று கேளாமலே அவ்வாறே இடுகின்றனர்.

நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவோம், பரிசுநிதி அமைப்போம். அவற்றோடு ஒரு பெயரேட்டையும் தொடங்குவோம் என்பது எனது வேண்டுகோள். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒவ்வொரு பிரிவினரும் தமது வரவு இடாப்பின் ஒழுங்கை நினைவில் கொண்டுவந்து, சேர்விடாப்பில் இருந்த பெயர், பின்னர் வழங்கிய பெயர், படித்த ஆண்டுகள், மறைந்த ஆண்டும் இடமும் ஆகியவற்றை எழுதினாற் போதும். வகுப்பில் இருவர் கூடியிருந்தால் மூன்றாமவரின் பெயர் தானாக வரும். எழுபது, எண்பது வயதைக் கடந்த அக்காமாரிடம் முதலில் கேட்கவேண்டும். அவர்களிடம் உள்ளது வேறெங்கும் எழுதப்படவில்லை. அத்துடன் நாம் ஒவ்வொருவரும் எமது பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லி வைப்போம்: எமது அறிவித்தலில் மகள், மனைவி, தாய் என்ற வரிசையோடு, பள்ளியில் எம்மை அழைத்த பெயரையும் பாடசாலையின் பெயரையும் ஒரு வரியில் சேர்க்கும்படி. அந்த ஒரு வரி இருந்தால், எங்கோ ஒரு தோழி பக்கத்தைப் புரட்டாமல் நிற்பாள்.