கொட்டியாரத்து மழையும் மேலங்கியும்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரை அடுத்துள்ள தோப்பூரில் மாரி என்பது வடகீழ்ப் பருவக்காற்றின் காலம். திருகோணமலைப் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பெரும்போக விதைப்பும் களையெடுப்பும் அந்த மாதங்களில்தான் வரும். வாடைக்காற்றில் கடல் குமுறுவதும் அப்போதுதான். வெளியே போகாமல் இருக்க முடியாத நாட்களே நனையாமல் இருக்க முடியாத நாட்களாகவும் அமைகின்றன.

இந்த மழை குளிர்நாட்டு மழை போன்றதன்று. அடைமழை நாளிலும் வெப்பநிலை 25, 26 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். நீர் புகாதபடி உடம்பை மூடினால் கால் மணி நேரத்தில் வியர்வை உள்ளிருந்தே நனைத்துவிடும். மழையை வெளியே நிறுத்த வேண்டும், வியர்வையை வெளியே விடவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையில் ஒவ்வொரு காலமும் ஒரு வழி கண்டது. மழையுடையின் வரலாறு அந்த வழிகளின் வரலாறுதான்.

அவற்றுள் மிகப் பழையதும் மிக அழகானதும் தாளிப்பனை ஓலை. அதைப் பற்றிய மிகச் சிறந்த வர்ணனையை எழுதியவர் இந்தக் குடாவில்தான் பிடிபட்டார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியிலிருந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பரில் மசூலிப்பட்டணத்தில் புயலில் சிக்கி நடுப் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் நாட்டவும், அந்த இடைவெளியில் துணி வியாபாரம் செய்யவும் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் 1660 ஏப்ரல் 4ஆம் திகதி கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் சிறைப்பிடித்தனர். தந்தை அடுத்த ஆண்டு காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் கைதியாக வாழ்ந்து, 1679 ஒக்டோபரில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இலங்கையின் அன்றாட வாழ்வைப் பற்றி ஓர் ஐரோப்பியர் எழுதிய மிக நுணுக்கமான பதிவுகளில் ஒன்று.

தாளிப்பனையின் ஒரே ஓலை பதினைந்து, இருபது பேரை மழையிலிருந்து மறைக்கும் என்று நொக்ஸ் எழுதுகிறார். அது மிகையன்று. அந்த மரத்தின் விசிறியோலை ஐந்து மீற்றர் அகலம் வரை விரியும். காய்ந்த ஓலை உறுதியாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். விசிறியைப் போல மடித்தால் ஒருவரின் கைப் பருமனுக்குச் சுருங்கிவிடும். எடை மிகக் குறைவு. அதை முக்கோணத் துண்டுகளாக வெட்டித் தலைமேல் வைத்துக்கொண்டு, கூரான முனை முன்னே இருக்கும்படி நடப்பார்கள். அப்படி வைத்தால் காட்டுப்பாதையில் கிளைகளுக்குள் புகுந்து போவது எளிது. போர்வீரர் ஒவ்வொருவரும் ஒரு துண்டைக் கொண்டுசெல்வர். பகலில் அது வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு, இரவில் படுக்கக் கூடாரம். மழை மிகுந்த நாட்டில் உடை குறைந்த எளிய மக்களுக்குக் கடவுள் அளித்த கொடை என்று நொக்ஸ் அதைப் போற்றினார்.

இன்று மலையேறுபவர் ஒரு மழை மேலங்கியிடம் கேட்பவை பெரும்பாலும் இந்த வர்ணனையிலேயே இருக்கின்றன. எடை குறைய வேண்டும், சுருட்டிப் பைக்குள் வைக்க வேண்டும், முள்ளில் கிழியக்கூடாது, தலையை மறைக்கும் பகுதி பாதையை மறைக்கக்கூடாது. காற்றோட்டத்தைப் பொறுத்தவரை ஓலையை வெல்ல இன்றுவரை ஒரு துணியும் வரவில்லை. ஓலை உடம்பைத் தொடுவதே இல்லை. நாற்புறமும் திறந்திருப்பதால் வியர்வை தங்க இடமில்லை. ஓலையின் இயற்கை மடிப்புகளே பீலிகளாகி நீரை ஓரத்துக்கு வழித்துவிடும். லின்னேயஸ் இந்த மரத்துக்கு வைத்த தாவரவியல் பெயரிலும் 'குடை தாங்கி' என்ற பொருள் உண்டு. தமிழில் குடைப்பனை என்றும் இதைச் சொல்வர். பல பத்தாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்துக் காய்த்து மடிந்துபோகும் மரம் இது.

ஓலைக்குக் குறையும் உண்டு. அது நிமிர்ந்து நடப்பவனுக்கான மறைப்பு. வாடைக்காற்று அதைத் தூக்கி எறியும், கையால் பிடிக்க வேண்டும். வயலில் குனிந்து களை பிடுங்குபவருக்கு நனைவது முதுகு, ஓய்வில்லாதது கை. கரையோரத்தில் தென்னங்கிடுகும் பனையோலையும் குடிசைக்கும் வண்டிக்கும் கூரையாயின. வேலை செய்யும் உடம்புக்கு வேறொன்று தேவைப்பட்டது. சணல் சாக்குப் பரவியபின் அதன் ஒரு மூலையை எதிர்மூலைக்குள் தள்ளி மடித்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் ஊர்தோறும் வந்தது. தமிழ்நாட்டில் அதைக் கொங்காணி என்பார்கள். தலை, தோள், முதுகு மூன்றையும் மறைத்து, முன்புறத்தையும் இரு கைகளையும் விட்டுவைக்கும் அமைப்பு அது. நீர் புகாத பொருளால் ஆனதன்று. நனைந்து கனக்கும் வரைதான் காக்கும். என்றாலும் எதை மூட வேண்டும், எதைத் திறந்துவிட வேண்டும் என்ற அறிவு அதில் முழுமையாக இருந்தது. பின்னாளில் யூரியாப் பையும் பொலித்தீன் தாளும் வந்தபோதும் மடிப்பு மாறவில்லை.

மலையகத்தில் நிலைமை வேறு. தேயிலைத் தோட்டங்களில் குளிரும் மழையோடு சேர்ந்து வரும். தமிழ்த் தொழிலாளருக்கு அங்கே கம்பளிதான் மழையுடை. அது இலவசமாக வந்ததன்று. முன்பணமாகக் கொடுத்துக் கூலியில் பிடித்துக்கொள்வது தோட்ட வழக்கம். கம்பளி நீரைத் தடுக்காது. ஆனால் நூலிழைகள் தம் எடையில் மூன்றிலொரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் சூட்டைக் காக்கும். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஈரச் செடிகள் உரசாதபடி இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டார்கள். இன்றும் கட்டுகிறார்கள். அவர்களுடைய உழைப்பில் உலகம் தேநீர் குடித்த காலமெல்லாம் அந்த உடம்புகளை மழையிலிருந்து காத்தது இந்த இரண்டும்தான்.

உண்மையில் நீர் புகாத துணி 1823இல் வந்தது. கிளாஸ்கோவின் சார்ல்ஸ் மக்கின்டொஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நப்தாவில் இறப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். குளிரில் அது விறைத்தது, வெயிலில் பிசுபிசுத்தது. தையற்காரரின் ஊசித் துளைகள் வழியே நீரும் ஒழுகியது. தையல்தான் மழையங்கியின் பலவீனமான இடம் என்பது அன்று தெரிந்தது, இன்றும் மாறவில்லை. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டபின் பிசுபிசுப்புத் தீர்ந்தது. வியர்வை தீரவில்லை.

இறப்பரின் கதையில் இலங்கைக்குத் தனி இடமுண்டு. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அந்த ஆண்டே 1,919 நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவில் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்தில் அவை வேரூன்றின. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்கு முன்னோடியான நாற்றுமேடைகளில் அது ஒன்று. உலகின் மழையங்கிகளுக்குப் பால் கொடுத்த தீவில், அந்தப் பாலைச் சேகரித்தவர்கள் சாக்கையும் கம்பளியையும் போர்த்திக்கொண்டு நனைந்தார்கள்.

மாலுமிகளின் வழி வேறு. பருத்தித் துணியில் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை பூசிக் காயவைத்த மெழுகுசீலை அங்கிகளைப் பாய்க்கப்பல் காலத்திலிருந்தே அவர்கள் அணிந்தனர். 1879இல் தோமஸ் பேர்பரி நூலையே முதலில் நீர் எதிர்க்கச் செய்து நெருக்கமாக நெய்யும் கபடீன் துணியைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் மான்செஸ்டரின் ஷேர்லி நிறுவகம் இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்தது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்த 'வென்டைல்' துணியில், நனைந்ததும் நூல்கள் வீங்கி இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். குளிர்கடலில் விழும் விமானிகளுக்காக அது உருவானது. திருகோணமலைத் துறைமுகத்தில் அப்படிப்பட்ட குளிர் இல்லை. ஆனால் மூடாமலே தடுக்கும் துணி சாத்தியம் என்பதை அது காட்டியது.

1977இல் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் பிளாஸ்டிக் மழைக்கோட்டும் தறப்பாளும் மலிந்தன. நீரைத் தடுப்பதில் அவற்றுக்கு ஈடில்லை. அந்தத் தடுப்பின் விலையை இந்தக் கரை மக்கள் நன்கு அறிவர். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2006 ஓகஸ்டில் மூதூர்ப் போரில் மக்கள் கந்தளாய்ப் பக்கம் இடம்பெயர்ந்தபோதும் குடும்பங்கள் தறப்பாள் கூடாரங்களுக்குள் வாழ்ந்தன. மழை உள்ளே வராது, வெக்கை வெளியே போகாது. நாள்முழுவதும் அதற்குள் குழந்தையை வைத்திருந்த தாய்க்குக் காற்றுப் புகும் துணி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அந்த முடிச்சைத் தளர்த்தியது ஒரு சவ்வு. 1969இல் அமெரிக்காவில் றொபேட் கோர், டெஃப்லோன் என்று அறியப்படும் பொருளைச் சூடாக்கிச் சட்டென இழுத்தபோது அது அறுந்துபோகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளை நிறைந்த தாளானது. சதுர அங்குலத்துக்கு 900 கோடித் துளைகள் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு துளையும் நீர்த்துளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது, நீராவி மூலக்கூற்றைவிடப் பல நூறு மடங்கு பெரியது. 1976இல் கோர்-டெக்ஸ் துணி சந்தைக்கு வந்தது. முதல் அங்கிகள் சில காலத்தில் ஒழுகத் தொடங்கின. உடம்பின் எண்ணெயும் வியர்வையும் சவ்வில் படிந்ததே காரணம். சவ்வின் உட்புறத்தில் மெல்லிய பொலியுரத்தேன் படலம் சேர்த்துத்தான் அதைச் சரிசெய்தார்கள்.

அப்படிப்பட்ட மேலங்கியைக் கிழக்குக் கரையில் ஒருவர் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தின் எண்களை இந்தக் காலநிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சவ்வு நீராவியைத் தானாக வெளியேற்றுவதில்லை. உள்ளேயும் வெளியேயும் உள்ள ஆவியமுக்க வேறுபாடே அதைத் தள்ளுகிறது. தோலுக்கு அருகே 35 பாகையில் நிறைவுற்ற காற்றின் ஆவியமுக்கம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். 10 பாகையில் மழை பெய்யும் மலையில் வெளியமுக்கம் 1.2. வேறுபாடு 4.4. தோப்பூரில் 26 பாகையும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள மழைநாளில் வெளியமுக்கம் 3 வரை ஏறும். வேறுபாடு 2.6 ஆகச் சுருங்கும். நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் ஹோட்டன் சமவெளியிலும் நன்கு வேலை செய்யும் அதே அங்கி கடற்கரையில் ஏறக்குறைய அறுபது சதவீதத் திறனோடுதான் இயங்கும். ஆகவே இங்கே சவ்வைவிடத் திறப்புகள் முக்கியம். அக்குளில் நீளமான சிப், வலைத்துணி வைத்த பைகள், தளர்ந்த வெட்டு, மேலே தூக்கிவிடக்கூடிய கைநுனி இருந்தால் அங்கி ஓலையின் குணத்துக்குக் கொஞ்சம் நெருங்கும்.

நீர்த்தடுப்பை நீர்த்தம்பத்தின் உயரத்தால் அளப்பார்கள். 10,000 மில்லிமீற்றர் என்றால் பத்து மீற்றர் உயர நீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும். நடைக்கும் சைக்கிளுக்கும் அது போதும். கனமான பையின் பட்டை தோளை அழுத்தும் நெடும்பயணத்துக்கு 20,000 நல்லது. எண் எதுவானாலும் எல்லாத் தையலின் உட்புறத்திலும் நாடா ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்க வேண்டும். சில முக்கியத் தையல்களுக்கு மட்டும் நாடா ஒட்டிய அங்கி மாரி மழைக்கு நிற்காது.

நீடித்த உழைப்புக்கு இரண்டு விஷயங்கள் தீர்மானமானவை. ஒன்று மேல்துணியின் நூல். டெனியர் என்பது 9,000 மீற்றர் நூலின் எடை, கிராமில். 20 டெனியர் துணி கைக்கு இதமானது, ஈச்ச முள்ளுக்கு நிற்காது. 40 முதல் 70 வரை உள்ளது காட்டுக்கும் படகுக்கும் தகும். மற்றொன்று படலம் ஒட்டியிருக்கும் முறை. மலிந்த அங்கிகளில் துணியின் உள்ளே பூசியிருக்கும் பொலியுரத்தேன், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் நீராற்பகுப்பால் சிதையும். ஓரிரு மாரிகளுக்குப் பின் உட்புறம் ஒட்டுவதும் செதிள் செதிளாக உரிவதும் அதனால்தான். மேல்துணி, சவ்வு, உள்துணி மூன்றும் ஒன்றாக ஒட்டிய மூன்றடுக்கு அங்கி விலை கூடியது, ஆனால் படலம் தோலில் உரசாததால் நெடுநாள் நிற்கும்.

மேல்துணியில் நீர் முத்து முத்தாக உருண்டோடச் செய்யும் பூச்சும் கவனத்துக்குரியது. அது தேய்ந்தால் மேல்துணி ஊறி, சவ்வு நல்ல நிலையில் இருந்தாலும் ஆவி வெளியேற வழியிருக்காது. பல ஆண்டுகள் இதற்குப் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குபவை. அவற்றோடு தொடர்புடைய பி.எஃப்.ஓ.ஏ. என்ற சேர்மம் 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஃபுளோரின் இல்லாத புதிய பூச்சுகள் நீரை நன்கு விலக்கும், எண்ணெயை விலக்கா. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பவரின் அங்கியில் கழுத்துப்பட்டியும் தலைமூடியும் முதலில் ஊறத் தொடங்குவது இதனால்தான். அடிக்கடி துவைப்பது அங்கியைக் கெடுக்காது, காக்கும். சாதாரணச் சலவைத்தூளின் எச்சம் நீரை இழுக்கும் என்பதால் மென்மையான திரவச் சவர்க்காரமும் பலமுறை அலசலும் வேண்டும். இளஞ்சூட்டில் உலர்த்தினால் பூச்சு ஓரளவு உயிர்பெறும்.

கடலில் போய்வந்த அங்கியை அன்றே நன்னீரில் அலச வேண்டும். உப்புப் படிகம் துணியை அறுக்கும், உலோகச் சிப்பை அரிக்கும். படகுக்கு வாங்குபவர் தடித்த பிளாஸ்டிக் பல் வைத்த சிப்பைத் தேடுவது நல்லது. ஈரம் காயுமுன் மடித்து அலுமாரியில் வைத்த அங்கி அடுத்த மாரிக்குள் பூஞ்சணம் பிடித்து, நாடாவும் கழன்றிருக்கும். காற்றோட்டமான நிழலில் கொடியில் தொங்கவிடுவதே போதும். முள் கிழித்த இடத்தை உட்புறம் ஒட்டுத்துண்டு வைத்து அடைக்கலாம். கழன்ற நாடாவைப் புதிதாக ஒட்டலாம். படலமே உரிந்துவிட்டால் மட்டும் திருத்த வழியில்லை.